லண்டன் ஜாக்கின் குடும்பப் பிரச்சினை

மார்ச் 4

சூமெய்க்கு,

பேனா பிடித்துப் பல வருடமாயிற்று. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதென்று சிரிக்காதே. சிரித்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

விளக்குத் திருவிழா முடிந்த மறுநாள் காலையில், நான் பின்கட்டில் எலும்பு வேகவைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாய். மத்தியானம்வரை நீ சந்தைக்குப் போயிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தால் யாரோ ஒரு பெண் எடுத்து, "இது பரீட்சைப் பயிற்சி முகாம். பரீட்சை முடியிற வரைக்கும் எல்லார் போனும் எங்க பொட்டியிலதான் இருக்கும். சொல்லணும்னா லெட்டர் போடுங்க" என்கிறாள். பெண்டாட்டியை ஜெயிலுக்கா அனுப்பியிருக்கிறேன்? அதுவும் நாமே பணம் கட்டிச் சேருகிற ஜெயில்.

கடை நிலவரம் சொல்கிறேன். சூப்பில் குறையில்லை. அதே ஆடு, அதே உப்பு. ஆனால் வருகிறவன் எல்லாம் கல்லாப் பக்கம் பார்த்துவிட்டு, "அண்ணி எங்க?" என்கிறான். செங்சோ நகரத்தில் படிக்கப் போயிருக்கிறாள் என்றால், குனிந்து குடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறான். முன்பு ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாயடித்த பயல்கள்! கடை எழவு விழுந்த வீடு மாதிரி இருக்கிறது. எதிர்க்கடையில் முடிவெட்டுகிற ஹாவ் அண்ணன் நேற்று முகத்துக்கு நேரே சொல்கிறார்: "தேஷெங், உன் சூப்புக்காக இங்க ஒருத்தனும் வரலடா. உன் பொண்டாட்டி பேச்சக் கேக்கத்தான் வந்திருக்கானுங்க." அவருக்கு நேற்று ரொட்டி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

எள்ளு விழுது ஜாடியை எங்கே வைத்தாய்? இருபத்தொன்பது வயதில் என்ன பரீட்சை வேண்டியிருக்கிறது? வந்துவிடு.

தேஷெங்

---

மார்ச் 12

பெங் தேஷெங் அவர்களுக்கு,

எள்ளு விழுது அலமாரியின் நடுத்தட்டில், உங்கள் மூக்குக்கு நேரே இருக்கிறது.

நான் ஏன் சொல்லாமல் வந்தேன் என்று உனக்குத் தெரியாது, அப்படித்தானே? திருவிழாவன்று கடை நிறைய ஆள். முகாமில் சேரப்போகிறேன், இங்கிலீஷில்தான் கொஞ்சம் இடிக்கிறது என்று நான் சொன்னேன். நீ கரண்டியைத் தூக்கிக்கொண்டு, "இங்கிலீஷ் படிச்சு யாருக்குச் சொல்லிக்குடுக்கப் போற? ஆட்டுக்கா?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நீ. உன்னிடம் வேறு சொல்லிக்கொண்டு கிளம்பணுமாக்கும்.

மூன்று வருடம் கல்லாவில் உட்கார்ந்துகொண்டே டிப்ளமா முடித்திருக்கிறேன். அதை முடிக்கிற வருடத்தில் மட்டும்தான் பட்டப்படிப்புக்கு மாறுகிற பரீட்சை எழுத விடுவார்கள். இந்த ஒரு தடவைதான். கோட்டை விட்டால் அப்புறம் ஆயுசுக்கும் கிடையாது. இது உன் மண்டையில் ஏறினால் சரி.

மற்றப் பாடமெல்லாம் பரவாயில்லை. ஆங்கிலத் தாளின் கடைசிக் கேள்விதான் என் உயிரை எடுக்கிறது. அது ஒரு கடிதம். அழைப்பு, நன்றி, புகார், ஆலோசனை, ஏதாவது ஒன்று வரும். எழுதுகிறவர் பெயர் வாங் லின் என்று அவர்களே கொடுத்துவிடுவார்கள். வாங் லினுக்கு எப்போதும் ஒரு வெளிநாட்டு நண்பன் இருப்பான், பெயர் ஜாக். அவனுக்கு எப்போதும் ஏதாவது சந்தேகம் இருக்கும். இங்கே ஆங்கிலம் எடுக்கிற கோங் சார் ஒவ்வொரு வகைக்கும் ஓர் அச்சு வைத்திருக்கிறார். அப்படியே உருப்போட்டுக் காலியிடத்தை நிரப்பினால் போதுமாம். நம் பெயரையோ ஊரையோ மட்டும் எழுதிவிடக் கூடாது. எழுதினால் ஆளை அடையாளம் காட்டியதாகக் கணக்கு, அந்தத் தாளுக்கே சைபர்.

எனக்கு அச்சு மனதில் நிற்கவில்லை, தேஷெங். இல்லாத ஒருத்தனுக்கு என்ன எழுதுவது? வாய் ஓயாமல் பேசுகிறவள் என்று பெயர் வாங்கியவள், பேனாவை எடுத்தால் ஊமையாகிவிடுகிறேன். பதினைந்துக்கு நான்கு வாங்கினேன். கோங் சார் என் தாளை வகுப்பில் தூக்கிக் காட்டி, "வீடு கட்டியிருக்கு, ஆனா உள்ள ஆளே இல்ல" என்றார். என் அறையில் இருக்கிற ஏழு பெண்களுக்கும் இருபத்தொன்று இருபத்திரண்டு வயது. அவர்கள் முன்னால் மானம் போனது.

இனி சிடுசிடுவென்று கடிதம் போடாதே. இங்கே கடிதம் படிக்கக் கழிவறையை விட்டால் வேறு தனியிடம் கிடையாது.

சூமெய்

---

மார்ச் 19

அன்புள்ள தோழி சூமெய்க்கு,

நான்தான் ஜாக். லண்டனிலிருந்து எழுதுகிறேன்.

இங்கே தினமும் மழை. காலையில் ஒரு துண்டு ரொட்டியைச் சுட்டு, வெண்ணெய் தடவித் தின்றுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போகிறேன். என் மூக்கு நீளம். தலைமுடி மஞ்சள், அதுவும் கொட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ஊரில் ஒருவருக்கும் சூப் வைக்கத் தெரியாது. எலும்பை அரை மணி நேரம் வேகவைத்துவிட்டு எடுத்து நாய்க்குப் போட்டுவிடுகிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது.

நான் உங்கள் நாட்டுக்கு வரப்போகிறேன். எனக்கு மூன்று சந்தேகம். விருந்துக்குக் கூப்பிட்டால் கிண்ணத்தைக் காலி செய்ய வேண்டுமா, கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டுமா? சாராயத்தை ஊற்றிக்கொண்டே இருக்கிற ஆளிடமிருந்து மரியாதை கெடாமல் தப்பிப்பது எப்படி? நல்ல ஆட்டு சூப் எந்த ஊரில் எந்தக் கடையில் கிடைக்கும்?

உன் பதிலுக்குக் குடையோடு காத்திருக்கிறேன்.

வெளிநாட்டு நண்பன் ஜாக்

பின்குறிப்பு: ஆள் இல்லை ஆள் இல்லை என்றாயே, இதோ ஆள். எனக்கு எழுது. இங்கிலீஷிலேயே எழுது. போனைக் கடிதத்தின்மேல் பிடித்தால் அது நம் பாஷையில் வாசித்துக் காட்டுகிறது. — தே.

---

மார்ச் 29

ஜாக்குக்கு எழுதிய பதில் தனியாக உறையில் இருக்கிறது. இது உனக்கு, பெங்.

கழிவறையில் உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பில் லூ தான் என்கிற பெண் வெளியிலிருந்து கதவைத் தட்டி, "அக்கா, அழறீங்களா?" என்றாள். எனக்கு மேல் கட்டிலில் படுக்கிறவள். காட்ட வேண்டியதாகிவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஜாக் ஏழு கட்டிலையும் சுற்றி வந்துவிட்டான். லண்டனில் எலும்பை நாய்க்குப் போடுகிறார்கள் என்று உனக்கு யார் சொன்னது? இங்கிலீஷ்காரன் காதில் விழுந்தால் அடிக்க வருவான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பதிலை ஒரே மூச்சில் எழுதினேன். கிண்ணத்தைப் பற்றி, சாராயத்தைப் பற்றி, ஹாவ் அண்ணன் மேசைக்கடியில் கோப்பையைக் கவிழ்க்கிற தந்திரத்தைப் பற்றியெல்லாம் எழுதினேன். தெரியாத வார்த்தை வந்தபோது தெரிந்த வார்த்தையைக் கொண்டு சுற்றி வளைத்தேன், கல்லாவில் கடன் கேட்கிறவனைச் சமாளிக்கிற மாதிரி. கோங் சாரிடம் காட்டினேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "யாரும்மா இந்த ஜாக்?" என்று கேட்டார். பத்து போட்டிருக்கிறார். கீழே நான் 'சூமெய்' என்று கையெழுத்துப் போட்டிருந்ததைச் சுற்றிச் சிவப்பில் பெரிய வட்டம். "இந்தப் பழக்கத்த விடலேன்னா நீ காலி" என்றார்.

ஜாக் தொடர்ந்து எழுதலாம். ஜாக்மீது எனக்குக் கோபமில்லை. உன்மீது அப்படியேதான் இருக்கிறது.

சூ.

---

ஏப்ரல் 9

அன்புள்ள தோழி சூமெய்க்கு,

உன் பதிலைப் படித்தேன், நன்றி. முதலில் லண்டன் செய்தி இல்லை, கடைச் செய்தி சொல்கிறேன்.

நீ ஜாக்குக்கு எழுதியதைக் கடையில் உட்கார்ந்து போனில் வாசிக்க வைத்தேன். போன் ஒரு ரேடியோக்காரி குரலில், "மேசைக்கு அடியில் கோப்பையைக் கவிழ்க்கவும்" என்றதும் ஹாவ் அண்ணன் துள்ளி எழுந்து, "என் மானத்த லண்டன் வரைக்கும் வாங்கிட்டாளே!" என்று கத்தினார். கடை கொல்லென்று சிரித்தது. மறுநாள் அதைக் கேட்க வேறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு அவரே வருகிறார். இப்போது வருகிறவன் எல்லாம், "லண்டன் லெட்டர் வந்துச்சா?" என்றுதான் கேட்கிறான். ஜாக் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். ஹாவ் அண்ணன் முடி கொட்டுவதற்கு மருந்து கேட்கச் சொல்கிறார். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர், ஜாக் சைக்கிளைத் தொலைத்துவிட்டால் எங்கே புகார் எழுதுவது என்று கேட்கச் சொன்னார். அவையெல்லாம் இருக்கட்டும். ஜாக்குக்கு வேறு கஷ்டம் வந்திருக்கிறது.

சூமெய், என் மனைவி என்னை விட்டுவிட்டுப் படிக்கப் போயிருக்கிறாள். போகுமுன் நான் பத்துப் பேர் நடுவில் ஒரு வார்த்தை சொன்னேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன், ஆனால் அவள் சிரிக்கவில்லை. அவள் இல்லாத வீட்டில் டீவி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது. லண்டனில் இதற்கெல்லாம் ஆலோசனை சொல்ல ஆள் கிடையாது. நான் என்ன செய்யட்டும்?

உன் நண்பன் ஜாக்

---

ஏப்ரல் 20

ஜாக்,

இத்துடன் ஏழு ஆலோசனைக் கடிதங்கள். நான் எழுதியது இதில் இல்லை.

உன் கஷ்டத்தை லூ தான் சத்தமாக வாசித்தாள். அறையில் எல்லோருக்கும் ரத்தம் கொதித்துவிட்டது. அன்று வீட்டுப்பாடம் ஆலோசனைக் கடிதம்தான். ஏழு பேரும் உட்கார்ந்து உனக்கே எழுதித் தள்ளினார்கள். கோங் சார் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, ஜாக்கின் மனைவி எந்த ஊர், நல்ல பெண்தானா என்று விசாரித்தார். நல்ல பெண்தான் என்று சொல்லிவைத்தேன்.

பிள்ளைகள் சொன்னதை ஜாக் செய்கிறானா என்று பார்த்துவிட்டு நான் எழுதுகிறேன்.

சூமெய்

---

மே 1

சூமெய்,

இது ஜாக் இல்லை. நான்.

ஏழு கடிதங்களையும் கடையில் போன் வாசித்தது. முதல் கடிதம்: "உன் சிரமத்தைக் கேட்டு வருந்துகிறேன். முதலாவதாக, உன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டாவதாக, வீட்டு வேலையில் பங்கெடுக்க வேண்டும். கடைசியாக, ஆனால் மிக முக்கியமாக, நிறைய வெந்நீர் குடிக்க வேண்டும்." சரி என்று கேட்டுக்கொண்டோம். இரண்டாவது கடிதமும் அதே. மூன்றாவதும் அதே வருத்தம், அதே முதலாவதாக, அதே வெந்நீர். நான்காவதிலிருந்து கடையில் இருந்தவர்கள் போனோடு சேர்ந்து கோரஸாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "முதலாவதாக!" என்றால் அத்தனை பேரும் என் பக்கம் விரலை நீட்டி, "மன்னிப்புக் கேளு!" என்கிறார்கள். தலைவலி, காதல் தோல்வி, பெண்டாட்டி கோபம் எல்லாவற்றுக்கும் உங்கள் சாரின் அச்சில் வெந்நீர்தான் மருந்தா?

ஏழாவது முடிந்தபோது நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "எல்லாரும் கேளுங்கப்பா. அன்னிக்கு அவளப் பாத்து ஆட்டுக்கா சொல்லிக்குடுக்கப் போறன்னு கேட்டேன்ல, அது தப்பு. அவ எழுதினதக் கேக்கத்தான் இப்ப நீங்கல்லாம் வர்றீங்க. நானும் அதுக்குத்தான் கடையத் தொறக்கறேன்" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஹாவ் அண்ணன் மட்டும், "ஆடு எதுக்குடா இங்கிலீஷ் படிக்கணும்? படிக்கவேண்டிய ஆடு கரண்டியோட நிக்குது" என்றார். அதற்குத்தான் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணனுக்கு இரண்டு ரொட்டி வைத்தேன்.

கடையில் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். நீ தோற்றுவிடுவாய் என்று நான் அன்று கேலி செய்யவில்லை. நீ ஜெயித்துவிடுவாய் என்று பயந்துதான் செய்தேன். நான் ஒன்பதாவதோடு நிறுத்தியவன். நீ பட்டம் வாங்கிக்கொண்டு, நூலகம் உள்ள ஊரில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, திரும்பி வந்து இந்த எலும்பு வாசனைக்கு நடுவே உட்காருவாயா என்று ஒரு பயம். பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். உனக்குத் தெரிந்ததுதான்.

நன்றாக எழுது. மன்னித்துவிடு. வெந்நீரும் குடிக்கிறேன்.

தேஷெங்

---

மே 29, லுவோயாங், அக்கா வீடு

தேஷெங்,

பரீட்சை முடிந்தது. போன் கையில்தான் இருக்கிறது, அணைத்து வைத்திருக்கிறேன். உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

உன் மே மாதக் கடிதத்தைப் பரீட்சைக்குப் போகும்வரை தினமும் படித்தேன். பதில் எழுதாததற்குக் காரணம், எழுத உட்கார்ந்தால் அழுகை வந்தது. கோபம் அன்றே போய்விட்டது. நீ நினைத்து நினைத்துப் பயப்படுகிற ஆள் என்று இத்தனை வருடம் எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

தாளைத் திருப்பினால் கடைசிக் கேள்வி ஆலோசனைக் கடிதம். வெளிநாட்டு நண்பன் புது ஊரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான், தனிமையாக உணர்கிறான், வாங் லினாக அவனுக்கு எழுதவும். எனக்கு அச்சு ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. அழவும் இல்லை. அந்த நண்பன் கரண்டியோடு நிற்கிற மாதிரி தெரிந்தது. கடகடவென்று எழுதினேன். தனியாகச் சாப்பிடாதே, எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டு உட்கார வை என்றேன். வேடிக்கை பேசுகிறவனுக்குத்தான் உள்ளே பயம் அதிகம், அதை ஒருத்தரிடமாவது சொல்லிவிடு என்றேன். தேஷெங், என் வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக நான் எதையும் எழுதியதில்லை. மணி அடித்தது. தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வராந்தாவில் லூ தான் ஓடி வந்து, "அக்கா, கீழ வாங் லின்னுதான போட்டீங்க?" என்று கேட்டாள்.

எனக்கு ஞாபகம் இல்லை. ஜாக்குக்கு எழுதினாலும் உனக்கு எழுதினாலும் சூமெய் என்றே போட்டுப் பழகிய கை. அங்கே என்ன போட்டது என்று சத்தியமாகத் தெரியவில்லை. கண்ணை மூடினால் ஒரு சமயம் வாங் லின் என்று தெரிகிறது, ஒரு சமயம் என் பெயர் தெரிகிறது. என் பெயராக இருந்தால் சைபர். மூன்று வருடமும் போச்சு. இன்னொரு தடவை கிடையாது.

உன்மேல் குற்றமில்லை. நீ ஜாக்காக வரவில்லை என்றால் எனக்கு எழுதவே வந்திருக்காது. ஆனால் ரிசல்ட் வரும்வரை கடைக்கு வர மாட்டேன். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

சூமெய்

---

ஜூன் 3

சூமெய்,

முகத்தில் விழிக்கிற கதையெல்லாம் வேண்டாம். போலீஸ்காரரிலிருந்து ஹாவ் அண்ணன்வரை எல்லோரும் உனக்காகக் கோயிலுக்கு ஊதுபத்தி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வந்துவிடு.

தேஷெங்

---

ஜூன் 7

மாட்டேன். ஊதுபத்தி எல்லாம் என் கையெழுத்தை மாற்றாது.

சூ.

---

ஜூன் 26, உன் அக்கா வீட்டு வாசல்

சூமெய்,

இதை உன் அக்கா வீட்டுக் கட்டடத்துக்குக் கீழே, மரத்தடியில் உட்கார்ந்து தொடைமேல் வைத்து எழுதுகிறேன். கீரை வாங்கிக்கொண்டு வந்த உன் அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். "மேல வாங்க, எதுக்கு இப்படித் திருடன் மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள். "அவ சொல்லாம வர மாட்டேன். இந்த லெட்டரக் குடுத்துடுங்க" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

காலையில் ரிசல்ட் வந்தது. உன் தேர்வு எண்ணை லூ தான் கடைக்குப் போன் பண்ணிச் சொன்னாள். அவள் பாஸ். சத்தத்திலேயே தெரிந்தது. உன்னுடையதைப் போனில் தட்டினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடையில் இருந்த அத்தனை பேரும் அவரவர் போனில் தட்டுகிறார்கள். சூப் ஆறிப்போனதை ஒருத்தனும் பார்க்கவில்லை. முதலில் திறந்தது ஹாவ் அண்ணன் போன். அவருக்குக் கிட்டப்பார்வை. போனை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகத் தேடிக்கொண்டிருந்தார். பிடுங்கிப் பார்த்தேன்.

ஆங்கிலம் நூற்றைம்பதுக்கு நூற்றுப் பதினொன்று. சைபர் இல்லை சூமெய், நூற்றுப் பதினொன்று! மொத்தம் கட்-ஆஃபைத் தாண்டி நிற்கிறது. நீ பாஸ். பட்டப்படிப்புக்குப் போகிறாய். நான் அழுதேன். எல்லோர் முன்னாலும்தான் அழுதேன், போலீஸ்காரர்கூடப் பார்த்தார்.

நீ கீழே யார் பெயரைப் போட்டாய் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. சரியாகத்தான் போட்டிருப்பாய் என்கிறார் ஹாவ் அண்ணன். இருக்கலாம். எனக்கென்னவோ வேறு மாதிரி தோன்றுகிறது. தாள் திருத்துகிற யாரோ ஒருத்தர் நாள் முழுக்க முதலாவதாக, இரண்டாவதாக, வெந்நீர் என்று படித்துப் படித்துக் களைத்திருப்பார். அப்போது உன் கடிதம் கைக்கு வந்திருக்கும். உள்ளே ஆள் இருக்கிற கடிதம். கடைசி வரிக்கு வந்து, உன் பெயரைப் பார்த்து, சிவப்புப் பேனாவைத் தூக்கி, அப்புறம் பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பேசாமல் அடுத்த தாளை எடுத்திருப்பார். அப்படித்தான் நடந்திருக்கும் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். நீயும் வேண்டுமானால் அப்படியே வைத்துக்கொள்.

செங்சோவில் இரண்டு வருடம். என் பயம் முழுக்கப் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். பயத்தோடேயே சொல்கிறேன், போ, படி. லீவுக்கு வா. வராவிட்டால் நான் வருகிறேன், பஸ் இருக்கிறது.

இப்போது ஒரு அவசரம். கடையைப் பூட்டாமல் ஓடி வந்திருக்கிறேன். கரண்டி ஹாவ் அண்ணன் கையில் இருக்கிறது, ஊரே அவர் வைக்கிற சூப்பைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

எழுதினது போதும் சூமெய். இறங்கி வா, உன்னோடு பேச வேண்டும்.

உன் தேஷெங்